ஒன்பது விநாடி நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் லேட்

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி.
ஞாயிறு காலை, இரண்டாவது காபிக்குப் பிறகு.

மகாராஜராஜஸ்ரீ சடகோபன் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சுதர்சன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், விமலா, ஹரிப்பிரியா மூவரும் க்ஷேமம், ஒரு ஜோடி செருப்பு நீங்கலாக. அவ்விடம் தங்கள் க்ஷேமத்தையும், அக்காவின் முழங்கால் க்ஷேமத்தையும், மாடியில் குடியிருப்பவர் கடைசியில் காலி பண்ணினாரா என்பதையும் விவரமாக எழுதவும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அக்கா அப்படியே குடும்பக் குழுவில் போட்டுவிடுவாள். அதனால்தான் காகிதம்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய கோலாப்பூர் செருப்பு இப்போது என் காலில் இல்லை. மேற்கு சிட்னியில் ஒரு கார்ப் பந்தயத் தளத்தில், கார் புறப்படுகிற கோட்டுக்குச் சற்று முன்னால், சக்கரம் படாத ஓரத்தில், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நேற்று மாலை மயில்கண் வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக, வெறுங்காலோடு, முதுகுக்குப் பின்னால் ஒரு கார் உறும, தடுப்புச் சுவரை ஏறிக் குதித்த ஐம்பத்தாறு வயது ஆசாமி உங்கள் மைத்துனன்தான். ஏறினேன் என்பது சரி. குதித்தேன் என்பது கொஞ்சம் மிகை, விழுந்தேன். வேஷ்டி மட்டும் சுவரின் அந்தப் பக்கம் சற்று நேரம் தங்கிவிட்டு வந்தது. உள்ளே அரை டிராயர் போட்டிருந்தேன் என்பதை அக்காவிடம் மறக்காமல் சொல்லவும்.

ஹரிப்பிரியா சனிக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்று அக்கா கேட்கும்போதெல்லாம் விமலா 'ஏதோ க்ளாஸ்' என்று சொல்லிவந்தாள் அல்லவா, அது க்ளாஸ் இல்லை, டிராக் ரேஸ். நேரான சாலை ஒன்று, அதில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு பச்சையானதும் நானூறு மீட்டர் ஓடும், யார் முன்னால் போனார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது, நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒன்பது விநாடிக்காக இந்தப் பெண் வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்து கராஜில் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பாள். நம் வீட்டுக் கல்யாணங்களிலும் ஒரு நிமிஷத் தாலிக்காக ஆறு மாதம் அலைகிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் சாப்பாடு கிடையாது, உருளைக்கிழங்கு வறுவல்தான்.

அவள் முதன்முதலாக ஓட்டிய அன்று நான் பக்கத்தில் இருந்து ஒத்தாசை செய்தேன். புது வண்டி, பெண் குழந்தை, திருஷ்டி பட்டுவிடக் கூடாதே என்று யாரும் பார்க்காதபோது முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டேன். அந்தத் தளத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கார் சறுக்கிவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியதும் சிவப்பு விளக்கு எரிந்து, பந்தயம் நின்று, ஐந்தாறு பேர் தண்டவாளத்தில் விரிசல் கண்ட மாதிரி ஓடி வந்து, ஒரு லாரி வந்து, தரையைச் சுரண்டி, காயவைத்து, மறுபடி பசை தெளித்தார்கள். பசை என்றால் நிஜமான பசை, டயர் பிடித்துக்கொள்வதற்காகத் தெளிப்பார்களாம். ஒலிபெருக்கியில் ஒருவர், தளத்தில் இன்னது என்று தெரியாத ஒரு பழம் கிடைத்ததால் தாமதம் என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஹரிப்பிரியா என்னைக் காருக்குப் பக்கத்தில் விடுவதில்லை, பார்வையாளர் பகுதியில்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு.

அங்கேதான் அத்திம்பேர், விஷயமே இருக்கிறது. அந்தப் பார்வையாளர் பகுதியில் நம் நங்கநல்லூர் முழுவதையும் உட்காரவைத்துவிட்டு, பாக்கி இடத்தில் ஆதம்பாக்கத்தை உட்காரவைக்கலாம். உட்காருவது நான் ஒருவன். ஒரு காலத்தில் நிற்க இடமில்லாமல் ஜனம் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்குமாம். இப்போது எல்லோரும் வீட்டிலேயே போனில் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் பார்ப்பதே இல்லை. ஒலிபெருக்கிக்காரர் வாராவாரம் 'சீமான்களே, சீமாட்டிகளே' என்று ஆரம்பிப்பார். சீமான் நான். சீமாட்டி சத்தம் தாங்காமல் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதில் பஞ்சோடு சகஸ்ரநாமம் கேட்டுக்கொண்டிருப்பாள். தளத்தின் மேலாளர் கெவின் என்று ஒரு நல்ல மனுஷர், என்னைவிடப் பெரிய தொந்தி, எனக்கு இருக்கிற அளவுக்கே முடி. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்று வைத்திருக்கும் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். கட்டுப்படுத்த வேறு யாரும் இல்லை. விமலா கொடுத்தனுப்பும் புளியோதரையில் பாதி அவருக்கு. நான் ஒரு வாரம் ஜலதோஷத்தால் போகாமல் இருந்தபோது போன் பண்ணி உடம்பு தேவலையா என்று கேட்டார். பாசம் ஒருபக்கம், அந்த வாரம் புளியோதரை இல்லை என்பது மறுபக்கம்.

மூன்று வாரம் முன்னால் கெவின் புளியோதரையைத் தொடவில்லை. என்ன என்று கேட்டேன். நிர்வாகம் கணக்குப் பார்க்கிறதாம், இந்த மாதக் கடைசி சனிக்கிழமையும் கூட்டம் இப்படியே இருந்தால் சனிக்கிழமைப் பந்தயத்தையே எடுத்துவிடுவார்களாம், தளத்தை வாரக் கடைசிச் சந்தைக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம். அதை வீட்டுக்கு வரும் வழியில் ஹரிப்பிரியாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சாலையைப் பார்த்துக்கொண்டே, நான் பார்த்ததிலேயே மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு, சொன்னாள்.

"பெர்த்ல ஒரு வேலை வந்திருக்குப்பா. அங்க ட்ராக் இருக்கு. இங்க மூடிட்டா நான் போயிடுவேன்."

அத்திம்பேர், பெர்த் என்பது நீங்கள் நினைக்கிற மாதிரி பக்கத்து ஊர் இல்லை. விமானத்தில் ஐந்து மணி நேரம். கடிகாரமே வேறு. எங்களுக்கு இருப்பது ஒரே பெண், அவள் கராஜில் ஸ்பானரைக் கீழே போடுகிற சத்தம் கேட்டால்தான் விமலாவுக்குத் தூக்கமே வருகிறது. விமலா அன்று இரவு சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அடை செய்திருந்தாள்.

மறுநாள் காலை காபி கலக்கும்போது விமலாவுக்குத்தான் யோசனை தோன்றியது. இங்கே சிட்னியில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் பரதநாட்டியம் கற்றுக்கொள்வார்கள், பிறகு பெரிய ஹால் பிடித்து அரங்கேற்றம் நடக்கும். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போயே ஆகவேண்டும். மூன்று மணி நேரம் உட்காரவேண்டும், வர்ணம் முடிந்ததும் 'அடடா' என்று பக்கத்துச் சீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும், சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அவர்கள் நம் வீட்டு அரங்கேற்றத்துக்கு வந்து அந்தக் கடனைத் தீர்த்துவிடுவார்கள். ஹரிப்பிரியா நாட்டிய வகுப்பில் இரண்டாவது வாரமே டீச்சரின் கார் என்ன மாடல் என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டாள். ஆகவே இத்தனை வருஷமாக நாங்கள் எல்லோர் வீட்டுக்கும் போனோம், எங்கள் வீட்டுக்கு வர யாருக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

"ஏன்னா, நமக்கு வரவேண்டிய கூட்டம் இந்த ஊர்ல எத்தனை இருக்கு தெரியுமா? அத்தனையும் அந்த மைதானத்துல கொண்டு போய்க் கொட்டினா என்ன?" என்றாள்.

அன்றே கிரவீனில் இருக்கும் சிறிக்குப் போன் பண்ணினேன். சிறி யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கு நெருங்கின சிநேகிதர், இந்தப் பக்கத்தில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை அவருடையது, அவர் கார் டிக்கியில் எந்நேரமும் நாலைந்து பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் இருக்கும். அவர் பெண் சயந்தினியின் அரங்கேற்றத்தில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவைகூடத் தூங்கவில்லை, அதை அவர் மறக்கவில்லை. ஹரிப்பிரியா கார் ஓட்டுகிறாள், பந்தயம், குடும்பத்தோடு வரவேண்டும், ஐந்து மணிக்கு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சிறி யோசிக்கவே இல்லை.

"ஓம் சுதர்சன், கட்டாயம் வாறம். உங்கட பிள்ளை எங்கட பிள்ளைதானே. சாப்பாடு இருக்குத்தானே?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அதற்குள் அவர் மனைவி மிருணாளினி போனை வாங்கி, என்ன உடுத்திக்கொண்டு வருவது என்று விமலாவைக் கேட்டாள். வாயில் பழகிப்போன பதிலாக விமலா 'பட்டுத்தான்' என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது: சுதர்சன் வீட்டு விசேஷம், பட்டு, சாப்பாடு உண்டு. என்ன விசேஷம் என்று கேட்டவர்கள் குறைவு. சமையலுக்கு மீரா சாஹிபு பாயைப் பிடித்தேன். காயல்பட்டினத்துக்காரர், பிரியாணிக்குப் பேர்போனவர், ஆனால் நம்மாள்களுக்கென்று சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பாயசமும் தனிப் பாத்திரம் வைத்துச் செய்து கொடுப்பார்.

நேற்று சனிக்கிழமை வந்தது. நான்கரைக்கே நான் வேஷ்டியோடு வாசலில் பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டுமாக நின்றேன். கெவின் இன்னொரு மஞ்சள் சட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் எத்தனை வரும், கயிறு கட்டவா என்று பரபரத்தார். ஐந்து மணி ஆயிற்று. வந்தவர் மீரா சாஹிபு பாய் ஒருவர், அண்டாக்களோடு. ஐந்தேகாலுக்கு மைதானத்தில் மூன்று வெள்ளைக் கொக்குகள் வந்து பாயச அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றன. சிறிக்குப் போன் பண்ணினேன், வெளிக்கிட்டாச்சு, அதாவது புறப்பட்டாயிற்று, என்றார், பின்னால் ஷவரில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அத்திம்பேர், நீங்கள் முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஒரு ரயிலைக்கூடத் தாமதமாக விடாதவர், உங்களுக்கு இது புரியாது. இங்கே ஐந்து மணி என்று போட்டால் ஆறரை என்று அர்த்தம். போட்டவனுக்கும் தெரியும், வருகிறவனுக்கும் தெரியும். ஆறரைக்குக் குத்துவிளக்கு ஏற்றினால் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். டிராக் ரேஸ் ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்பது எனக்கும் தெரியும், ஆனால் இந்த இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தரைக்கு ஹரிப்பிரியாவின் முறை. நான் கெவினிடம் ஓடி, முக்கிய விருந்தினர் வரவில்லை, ஒரு அரைமணி தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சினேன். டிராக் ரேஸில் முக்கிய விருந்தினர் என்று ஒருவர் கிடையாது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். சரி, விளக்குப் போடுகிறவரிடமே நேராகப் பேசிவிடலாம் என்று வேலியில் இருந்த இடைவெளியில் நுழைந்து தளத்தில் காலை வைத்தேன். நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டுக்குக் கால் வந்தது, செருப்பு வரவில்லை, ஆறாவதுக்கு மற்றதும் வரவில்லை. குனிந்து இழுத்தேன். ஒரு கையால் முடியவில்லை என்று இரண்டு கையாலும் இழுத்தேன். நீங்கள் நல்ல சாமானாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள், வார்கூட அறவில்லை. அதற்குள் பின்னால் என் பெண்ணின் கார் வந்து நின்று, டயரைச் சூடேற்ற நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு, புகை கிளம்பி, அந்தப் புகைக்குள்ளிருந்து ஹெல்மெட் போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்து, "அப்பா! மூவ்!" என்றது. மீதியை மேலே எழுதிவிட்டேன், மறுபடி எழுதத் தெம்பில்லை.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் வேஷ்டிக்காகத் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு இடி இடித்தது. எழுந்து பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது. ஹரிப்பிரியா ஜெயித்துவிட்டாள். அவள் வாழ்க்கையிலேயே மிக வேகமான ஓட்டமாம், ஒன்பது விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. நம்மவர்களில் அதைப் பார்த்தவர் மீரா சாஹிபு பாய் ஒருவர்தான், கையில் கரண்டியோடு.

"புள்ள நல்லாத்தான் ஓட்டுது சார்," என்றார். "ஆனா எதுக்கு இவ்வளவு அவசரம்னுதான் வெளங்கல."

ஆறரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஐயோ அத்திம்பேர், எப்படி வந்தார்கள் என்கிறீர்கள். வரிசையாகக் கார்கள், காஞ்சிபுரம், ஆரணி, மல்லிகைப்பூ, பிளாஸ்க், மடிக்கும் நாற்காலி, கைக்குழந்தை, ஊரிலிருந்து விசாவில் வந்திருக்கும் மாமனார் மாமியார்கள், நாட்டிய டீச்சர், டீச்சரின் மிருதங்கக்காரர் உள்பட. பார்வையாளர் பகுதி ஒரு மூலையிலிருந்து ஜரிகையாக நிரம்பிக்கொண்டே வந்தது. கெவின் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். ஒலிபெருக்கிக்காரர் 'சீமாட்டிகளே' என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே சீமாட்டிகளைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். சிறி வியர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார்.

"தொடங்கீட்டுதோ?"

"முடிஞ்சுபோச்சு சிறி."

"முடிஞ்சுதோ? எவ்வளவு நேரம் நடந்தது?"

"ஒன்பது செகண்டு."

சிறி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நல்லது, அப்ப சாப்பிடுவம்," என்றார்.

ஆனால் கெவின் விடவில்லை. இத்தனை ஜனத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று, இவர்களைச் சும்மா அனுப்புவதா என்று ஹரிப்பிரியாவை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அவளும் கொண்டுவந்து நிறுத்தினாள். டயர்ப்புகை கிளம்பி அப்படியே பட்டுப்புடவைகள் மேல் போய் உட்கார்ந்தது, யாரும் நகரவில்லை, நாட்டிய டீச்சர் மட்டும் சாம்பிராணி மாதிரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விளக்கு எரிந்தது, இடி இடித்தது, முந்நூறு சாப்பாட்டுத் தட்டும் ஒரே சமயத்தில் குலுங்கியது, கார் அந்தக் கோடியில் இருந்தது. எல்லோரும் இன்னும் புறப்பட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையிலிருந்து மிருணாளினியின் குரல் மட்டும் கேட்டது.

"இன்னொருக்கா ஓடச் சொல்லுங்கோவன். நான் வீடியோ எடுக்கேல்லை."

அவ்வளவுதான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சரியாகப் பார்க்கவில்லை, குழந்தை அழுதது, சாம்பார் வாங்கப் போயிருந்தேன், ஒன்ஸ்மோர். அந்தத் தளத்தின் சரித்திரத்தில் ஒன்ஸ்மோர் கேட்டது இதுதான் முதல் தடவையாம். ஹரிப்பிரியா ஓட்டினாள், மற்றவர்களும் ஓட்டினார்கள், யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நம்மாள்கள் இரண்டு பேருக்கும் கை தட்டினார்கள், மாமியார்கள் பெரிய தாடி வைத்த ஓட்டுநர்களைக் கூப்பிட்டுத் தயிர் சாதம் கொடுத்தார்கள். கடைசியில் சிறி ஒலிபெருக்கியை வாங்கி நன்றியுரை ஆற்றினார். டயர் செய்தவர்களிலிருந்து சூரிய பகவான் வரை ஒருவரையும் விடவில்லை. இரண்டு கார்கள் இன்ஜினை அணைத்துவிட்டு அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தன. பிறகு கெவினை மேடைக்கு, அதாவது டயர் அடுக்கின்மேல், ஏற்றி ஒரு பொன்னாடை போர்த்தினார். கெவின் அது என்ன என்று கேட்கவில்லை. கண்ணை அதிலேயே துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை நிர்வாகத்திடம் நானே போய்ச் சொல்கிறேன், சனிக்கிழமைப் பந்தயத்தை இனி எவனாலும் எடுக்க முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது ஹரிப்பிரியா வண்டியை வழக்கமான வேகத்தில் ஓட்டினாள். நான் வெறுங்காலை மடக்கிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெர்த்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, விமலாவும் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது அவளே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அந்த வேலை வேண்டாம்னு நாளைக்கு மெயில் போட்டுடறேன்ப்பா. ஆனா அடுத்த தடவை அவாளை மூணு மணிக்கு வரச்சொல்லு."

ஆக, அத்திம்பேர், ஆஸ்திரேலிய தேசத்தில் அழிந்துகொண்டிருந்த ஒரு விளையாட்டை உங்கள் மைத்துனன் ஒரே சாயங்காலத்தில் தூக்கி நிறுத்திவிட்டான் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, நீங்கள் மாம்பலம் மன்னியிடம் சொல்லலாம், ஊருக்கு அவள் சொல்லிவிடுவாள். செருப்புக்காக வருத்தப்பட வேண்டாம். அது ஒட்டியிருக்கும் இடம் கௌரவமான இடம்.

அக்காவுக்கு என் அன்பும், அவள் முழங்காலுக்கு விமலா அனுப்பும் தைலமும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதமும், மாடியில் குடியிருப்பவருக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
சுதர்சன்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் வாங்கச் சோம்பல்பட்டு இதைத் தபாலில் போடவில்லை, இன்று செவ்வாய்க்கிழமை. கெவின் இப்போதுதான் போன் பண்ணினார். நிர்வாகம் பார்ப்பது பார்வையாளர் வாசலில் கிழித்த டிக்கெட்டுகளை மட்டும்தானாம். அந்த வாசலில் நான் பன்னீரோடு நிற்க, நம்மவர்கள் சிறியைப் பின்தொடர்ந்து, சாப்பாடு இறக்குகிற இடத்துக்குப் பக்கம் என்று, காரோட்டிகள் வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். காவலாளி யார் என்று கேட்டதற்குச் சிறி 'நாங்கள் எல்லாரும் பிள்ளையின்ர ஆக்கள்' என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் சொல்ல, அவன் அத்தனை பேருக்கும் ஓட்டுநரின் உதவியாளர் என்று பச்சைக் கைப்பட்டி கட்டியிருக்கிறான். நானும் அண்டாவுக்கு ஒரு கை கொடுக்கப் போய் ஒன்று கட்டிக்கொண்டேன். ஹரிப்பிரியா பெர்த்துக்கு அந்த மெயிலை இன்னும் போடவில்லை, இனி என்ன எழுதுவது என்று முடிவும் செய்யவில்லை, அவள் சிரித்து முடிப்பதற்காகக் காத்திருக்கிறோம். நிர்வாகத்தின் பதிவேட்டில் சென்ற சனிக்கிழமைக்கு இப்படி இருக்கிறதாம்: ஹரிப்பிரியாவின் காருக்கு மெக்கானிக்குகள், நாட்டிய டீச்சர் உள்பட, முந்நூற்றுச் சொச்சம். பார்வையாளர்கள், ஒருவரும் இல்லை.